ஒப்பாரிக் கோச்சியில் வந்தவர்கள் - நீலகிரியின் 'சிலோன்' குடியிருப்புகளின் கதை

ஊட்டி என்றதும் நினைவுக்கு வருவது என்ன? பொட்டானிக்கல் கார்டன், படகு இல்லம், மலை ரயில், வர்க்கி... அப்புறம் தேயிலைத் தோட்டம். தோட்டத்தின் முன்னால் நின்று ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளாமல் யாரும் மலையை விட்டு இறங்குவதில்லை.

அந்த போட்டோவின் பின்னணியில், சரிவில் சின்னப் புள்ளிகளாகக் கொழுந்து பறிக்கும் பெண்கள் தெரிவார்கள். அவர்கள் யார்? பலரும் நினைப்பது போல எல்லோரும் இந்த மலையின் பூர்வீக மக்கள் அல்ல. குன்னூர், கோத்தகிரி, கூடலூர், பந்தலூர் பக்கத்துத் தோட்டங்களில் வேலை செய்பவர்களில் கணிசமானோரின் குடும்பங்கள் கடல் தாண்டி வந்தவை. வீட்டில் இருக்கும் வயதானவர்களிடம் பிறந்த ஊர் எது என்று கேட்டால் அட்டன் என்பார்கள், பதுளை என்பார்கள், நுவரெலியா என்பார்கள். ரயிலைக் 'கோச்சி' என்பார்கள். காலையில் ரொட்டியும் தேங்காய்ச் சம்பலும் சாப்பிடுவார்கள். ஊரில் அவர்களுக்குப் பெயர் 'சிலோன்காரர்கள்'. அரசுக் காகிதத்தில் 'தாயகம் திரும்பியோர்'.

தாயகம் திரும்பியோர்! நல்ல பெயர்தான். ஆனால் அவர்களில் பெரும்பாலோர் அந்தத் தாயகத்தை அதற்கு முன் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை.

கண்டிச் சீமைக்குப் போன கதை

1815ல் பிரிட்டிஷார் கண்டி ராஜ்ஜியத்தைப் பிடித்தார்கள். 1820களில் அந்த மலைகளில் காப்பித் தோட்டங்கள் தொடங்கின. கண்டி விவசாயிகள் தோட்டக் கூலிக்கு வர விரும்பவில்லை. எனவே கடலுக்கு இந்தப் பக்கம் ஆள் தேடினார்கள். திருச்சி, மதுரை, சேலம், தஞ்சை, புதுக்கோட்டை, ராமநாதபுரம் பக்கங்களில் பஞ்சமும் கடனும் சாதிக் கொடுமையும் வாட்டிக் கொண்டிருந்த காலம் அது. போனவர்களில் பெரும்பாலோர் நிலமில்லாத தலித் மக்கள்.

ஆள் பிடித்துக் கொடுத்தவர் கங்காணி. முன்பணம் கொடுப்பார், வழிச்செலவு கொடுப்பார், எல்லாவற்றையும் கடனாக எழுதிக்கொள்வார். மன்னார் கரையில் இறங்கி மாத்தளை வரை காட்டு வழியே நடக்க வேண்டும். காலராவிலும் மலேரியாவிலும் வழியிலேயே விழுந்து செத்தவர்கள் ஏராளம். 1869ல் காப்பிச் செடியை இலைத்துரு நோய் தாக்கியது. காப்பி அழிந்த இடத்தில் தேயிலை வந்தது. காப்பியாவது சில மாத வேலை, அறுவடை முடிந்ததும் ஊர் திரும்பலாம். தேயிலைக்கு வருஷம் முழுவதும் ஆள் வேண்டும். எனவே மக்கள் அங்கேயே தங்கினார்கள். வரிசையாகக் கட்டிய பத்துக்குப் பத்து அறைகள்தான் வீடு. அதற்குப் பெயர் லயம்.

'துண்டு' என்று ஒரு முறை இருந்தது. தொழிலாளியின் கடன் எவ்வளவு என்று எழுதிய சீட்டு அது. கடனைத் தீர்க்காமல் தோட்டம் மாற முடியாது. அடுத்த தோட்டத்துத் துரை அந்தக் கடனைக் கட்டினால்தான் ஆள் அங்கே போகலாம். அதாவது ஆள் கடனோடு சேர்ந்து கைமாறுவார். சட்டப்படி இது அடிமைத்தனம் இல்லை. ஆனால் சுதந்திரம் என்றும் சொல்ல முடியாது. 1921ல்தான் துண்டு முறை ஒழிந்தது.

இரண்டு கையெழுத்துகள், பத்து லட்சம் பேர்

1947 தேர்தலில் இந்த மலையகத் தமிழர்களின் ஓட்டு இலங்கை இந்திய காங்கிரஸை 7 இடங்களில் ஜெயிக்க வைத்தது. அடுத்த ஆண்டு இலங்கைக்குச் சுதந்திரம். சுதந்திரம் கிடைத்த அதே 1948ல் குடியுரிமைச் சட்டம் வந்தது. தகப்பனும் இலங்கையில் பிறந்தவர் என்று நிரூபிக்க வேண்டும் என்றது சட்டம். லயத்து அறையில் பிறந்தவர்களிடம் பிறப்புச் சான்றிதழ் ஏது? மலையகத் தமிழர்களில் மிகப் பெரும்பாலோர் ஒரே நாளில் நாடற்றவர்கள் ஆனார்கள். 1949ல் ஓட்டுரிமையும் போனது. 1952 தேர்தல் அவர்கள் வேடிக்கை பார்க்க நடந்த தேர்தல்.

பிறகு 30 அக்டோபர் 1964. டில்லியில் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். கணக்கு இதுதான்: மொத்தம் 9,75,000 பேர். இந்தியா எடுத்துக்கொள்வது 5,25,000. இலங்கை வைத்துக்கொள்வது 3,00,000. மீதி 1,50,000 பேரைப் பற்றி அப்புறம் பேசலாம். அந்த 'அப்புறம்' 1974ல் வந்தது. இந்திரா காந்தியும் சிறிமாவோவும் ஆளுக்கு 75,000 என்று பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். தேயிலையை எடை போடும்போதுகூட இவ்வளவு சுலபமாகப் பிரிக்க மாட்டார்கள்!

இதில் கவனிக்க வேண்டியது, தோட்டத் தொழிலாளர்களின் தலைவர்களை யாரும் கலந்து பேசவில்லை என்பது. மக்களிடம் விண்ணப்பம் கேட்டபோது, 3 லட்சம் பேருக்குத்தான் இடம் என்ற இலங்கைக் குடியுரிமைக்கு அதைவிட மிக அதிகமானோர் மனுப் போட்டார்கள். அவர்கள் மனதில் ஊர் எது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டியதில்லை.

ஒப்பாரிக் கோச்சி

ஒப்பந்தம் கையெழுத்தாகி இரண்டு மாதம் ஆகவில்லை, 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்தது. தலைமன்னாரிலிருந்து வரும் கப்பல் அதன் பிறகு ராமேஸ்வரத்துக்கு வந்தது. 1960களின் கடைசியிலிருந்து ஆட்கள் வரத் தொடங்கினார்கள். 1970களில் அது பெருவெள்ளமானது. 1973-74ல் இலங்கைத் தோட்டங்களில் கடும் உணவுப் பஞ்சம். தோட்டங்கள் அரசுடைமையானபோது பலருக்கு வேலை போனது. 1977லும் 1981லும் 1983லும் கலவரங்கள். 'இனி இங்கே இருக்க முடியாது' என்று முடிவெடுத்தவர்களும் உண்டு. போக மனமில்லாமல் காகிதம் வந்துவிட்டதால் போனவர்களும் உண்டு.

மலையகத்திலிருந்து தலைமன்னாருக்கு இவர்களை ஏற்றிச் சென்ற ரயிலுக்கு மக்கள் வைத்த பெயர் 'ஒப்பாரிக் கோச்சி'. அண்ணனுக்கு இந்தியா கிடைத்திருக்கும், தங்கைக்கு இலங்கை கிடைத்திருக்கும். அம்மா ஒரு பக்கம், கட்டிக்கொடுத்த மகள் ஒரு பக்கம். ஒவ்வொரு ஸ்டேஷனிலும் அழுகைச் சத்தம். அதனால் அந்தப் பெயர். 1984ல் கப்பல் போக்குவரத்து நிற்கும்வரை இப்படி வந்தவர்கள், வந்த குடும்பங்களில் பிறந்த குழந்தைகளையும் சேர்த்து, நாலரை லட்சத்துக்கும் மேல்.

இறங்கியதும் மண்டபம் முகாம். கையில் ஒரு குடும்ப அட்டை. அதில் யாருக்கு எங்கே வேலை, அல்லது எவ்வளவு கடன் உதவி என்று எழுதியிருக்கும். சிலருக்குக் கன்னியாகுமரி ரப்பர் தோட்டம், சிலருக்குக் கேரளத்தின் புனலூர், சிலருக்குக் கர்நாடகத்தின் சுள்ளியா, சிலருக்கு அந்தமானின் கச்சால் தீவு. பலருக்குச் சில ஆயிரம் ரூபாய் வியாபாரக் கடன். இதற்காகவே 1969ல் தொடங்கப்பட்டதுதான் ரெப்கோ வங்கி.

நாலு தலைமுறையாகக் கொழுந்து பறித்தவரிடம் பணத்தைக் கொடுத்து, மதுரைப் பக்கம் பெட்டிக்கடை வை என்றால் எப்படி? கடை ஓடவில்லை. பணம் கரைந்தது. சொந்தக்காரர்கள் என்று தேடிப் போன கிராமத்தில் யாருக்கும் இவர்களைத் தெரியவில்லை. 1980களில் இப்படித் தவித்த குடும்பங்கள் கொடைக்கானல் மலைக்காடுகளில் மரம் வெட்டும் கான்ட்ராக்டர்களிடம் கொத்தடிமைகளாகச் சிக்கியிருந்தது வெளியே வந்து பெரிய விஷயமானது. முன்பணம், கடன், வெளியேற முடியாத வேலை... கங்காணி காலம் திரும்பி வந்தது போலத்தான்.

நீலகிரி ஏறியவர்கள்

நீலகிரியின் குளிரும் சரிவும் நுவரெலியா மாதிரியே இருக்கும். வேலையும் தெரிந்த வேலை. தமிழ்நாடு அரசு 1968ல் வனத்துறையின் கீழ் அரசுத் தேயிலைத் திட்டத்தைத் தொடங்கியதே தாயகம் திரும்பியோருக்கு வேலை கொடுக்கத்தான். 1975ல் அது தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகம் ஆனது. சுருக்கமாக டான்டீ. தலைமையகம் குன்னூர். கோத்தகிரி, நடுவட்டம், பாண்டியார், தேவாலா, நெல்லியாளம், கொளப்பள்ளி, சேரங்கோடு, சேரம்பாடி என்று தோட்டங்கள் விரிந்தன. வால்பாறையிலும் உண்டு.

இன்று பச்சைக் கம்பளம் விரித்தது போல் தெரியும் அந்தச் சரிவுகள் அப்போது காடு. மரம் வெட்டி, வேர் பறித்து, குழி தோண்டி, நாற்று நட்டு, அதை வளர்த்து எடுத்தவர்கள் வந்து இறங்கிய இந்த மக்கள்தான். அட்டையும் மழையும் யானையும் கூடவே இருந்தன. தாத்தாவின் தாத்தா இலங்கைக் காட்டைத் தோட்டமாக்கினார். பேரன் நீலகிரிக் காட்டைத் தோட்டமாக்கினார்.

இதற்கு இன்னொரு பக்கமும் இருக்கிறது, அதையும் சொல்ல வேண்டும். அந்தக் காடு யாருமில்லாத காடு அல்ல. கூடலூர் பகுதியில் பணியர், காட்டுநாயக்கர், குறும்பர் என்று ஆதிவாசி மக்கள் காலகாலமாக வாழ்ந்து வந்தார்கள். யானைகளின் வழித்தடங்கள் இருந்தன. ஓர் ஏழைக்கு வாழ்வு கொடுக்க அரசு இன்னோர் ஏழையின் காட்டைத்தான் எடுத்தது. இன்று பந்தலூர், சேரம்பாடிப் பக்கம் லைன் வீட்டு வாசலில் யானை வந்து நிற்கிறது, ஆட்கள் சாகிறார்கள் என்றால், அதற்கு வேர் இங்கே இருக்கிறது. அதற்காக அந்த மக்களைக் குறை சொல்வது நியாயமில்லை. எங்கே தோண்டுவது என்று முடிவு செய்தவர்கள் அவர்கள் இல்லை.

தோட்டத்துக்கு வெளியே

எல்லோருக்கும் டான்டீயில் வேலை கிடைக்கவில்லை. சமவெளியில் கடை வைத்துத் தோற்றவர்கள், ரப்பர் தோட்டம் ஒத்துவராமல் கிளம்பியவர்கள், 'இங்கே வா, வேலை இருக்கு' என்று உறவுக்காரர் போட்ட கடிதத்தை நம்பி வந்தவர்கள் என்று ஆயிரக்கணக்கானோர் மலை ஏறினார்கள். கோத்தகிரி, குன்னூர்ப் பக்கம் படகர்களின் சிறு தேயிலைத் தோட்டங்களிலும் காய்கறித் தோட்டங்களிலும் கூலி வேலை கிடைத்தது. ஊர் ஓரத்தில், ஓடைப் பக்கத்தில், சரிவில், யாருக்கும் வேண்டாத இடத்தில் மண்சுவர் எழுப்பித் தகரம் போட்டார்கள். ஒரு மாரியம்மன் கோயில் வந்தது. நாலு வீடு நாற்பதானது.

கூடலூரில் கதை இன்னும் சிக்கல். அங்கே பெரும்பகுதி நிலம் நிலம்பூர் கோவிலகத்தின் ஜன்மம் நிலம். 1969ல் ஜன்மம் ஒழிப்புச் சட்டம் வந்தது, 1974ல் அமலானது. ஆனால் வழக்குகள் முடியவில்லை. பிரிவு 17ல் வரும் நிலங்களில் குடியிருந்தவர்களுக்குப் பட்டா இல்லை. பட்டா இல்லாததால் பல ஆயிரம் வீடுகளுக்கு மின் இணைப்பு இல்லை. வீட்டில் விளக்கில்லாமல் மண்ணெண்ணெய் வெளிச்சத்தில் படித்துப் பரீட்சை எழுதியவர்கள் ஒரு தலைமுறையே உண்டு.

ஹூஸ்டனில் ஒரு தெரு

இங்கே கொஞ்சம் அமெரிக்காவுக்குப் போய் வரலாம். காரணம் இருக்கிறது.

1865 ஜூன் 19ல் டெக்ஸாஸ் மாநிலத்தில் அடிமைகளுக்கு விடுதலை அறிவிக்கப்பட்டது. அந்த ஆண்டு ஜனவரியில் ஜெனரல் ஷெர்மன் தென்கிழக்குக் கடற்கரையில் விடுதலை பெற்ற குடும்பங்களுக்குத் தலா 40 ஏக்கர் வரை நிலம் என்று உத்தரவு போட்டிருந்தார். ஆண்டு முடிவதற்குள் ஜனாதிபதி ஆண்ட்ரூ ஜான்சன் அதைத் திரும்பப் பெற்றுவிட்டார். நிலம் பழைய முதலாளிகளுக்கே போனது. டெக்ஸாஸில் அந்த வாக்குறுதிகூட இல்லை. விடுதலையானவர்கள் மூட்டையோடு ஹூஸ்டன் நகருக்கு நடந்தார்கள். பஃபலோ பேயூ ஆற்றின் தென்கரையில், வெள்ளைக்காரர்கள் விரும்பாத சதுப்பு நிலத்தில் குடியேறினார்கள். அதுதான் ஃப்ரீட்மென்ஸ் டவுன், அதாவது விடுதலையானவர்களின் ஊர். 1866லேயே அந்தியோக்கியா என்ற பெயரில் சபை தொடங்கினார்கள். நகராட்சி தெரு போட்டுத் தரவில்லை என்றதும் தாங்களே செங்கல் பதித்தார்கள். அந்தச் செங்கல் தெருக்களில் சில இன்றும் இருக்கின்றன. ஆனால் ஊரின் பெரும்பகுதி நெடுஞ்சாலைக்கும் புதுக் கட்டடங்களுக்கும் போய்விட்டது.

அமெரிக்க அடிமை முறையும் கங்காணி முறையும் ஒன்றல்ல. ஆளையே விற்பது வேறு, கடனில் கட்டிப் போடுவது வேறு. ஆனால் விடுதலைக்குப் பின் நடந்தது இரண்டு இடத்திலும் ஒன்றுதான். 'நீ இனி சுதந்திர மனிதன்' என்றது ஒரு காகிதம். 'நீ இனி இந்தியக் குடிமகன்' என்றது இன்னொரு காகிதம். எந்த மண்ணில் கால் ஊன்றுவது என்று இரண்டிலும் எழுதவில்லை. யாருக்கும் வேண்டாத நிலத்தைத் தேடிப் பிடித்து, அதை ஊராக்கி, ஊரான பிறகு அதன் விலை ஏறியதும் 'நீ யார், பட்டா எங்கே?' என்ற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டி வந்தது.

ஓய்வு பெறும் நாள்

சரி, பட்டா இல்லாதவர்கள் கதைதான் இப்படி, டான்டீ தொழிலாளிக்கு வேலையும் வீடும் இருக்கிறதே என்று தோன்றலாம். அங்கேதான் முடிச்சு இருக்கிறது. வீடு வேலையோடு கட்டப்பட்டது. லைன் வீடு கழகத்துக்குச் சொந்தம். ஓய்வு பெற்றதும் வீட்டைக் காலி செய்ய வேண்டும். காலி செய்தால்தான் பணிக்கொடை முதலான பணம் கைக்கு வரும் என்ற நிலை. எங்கே போவது? பணம் வராமல் வீடு கட்ட முடியாது, வீட்டை விடாமல் பணம் வராது. பிள்ளைகளில் ஒருவர் தோட்ட வேலையில் சேர்ந்தால் அந்த வீடு நிற்கும். அதாவது கூரைக்காக அடுத்த தலைமுறையும் கூடையைத் தூக்க வேண்டும். படித்துவிட்டுத் திருப்பூருக்கோ கோவைக்கோ போன பிள்ளைகளின் பெற்றோருக்கு ஓய்வு பெறும் நாள் பயம் தரும் நாளானது இப்படித்தான்.

2022 அக்டோபரில் இந்தப் பயம் பெரிதானது. நஷ்டத்தில் ஓடுகிறது, ஆள் பற்றாக்குறை என்று சொல்லி டான்டீயின் சுமார் 2,152 ஹெக்டேர் நிலத்தை வனத்துறைக்கே திருப்பிக் கொடுக்க அரசு முடிவு செய்தது. தொழிலாளர்கள் தெருவுக்கு வந்து போராடினார்கள். ஓய்வு பெற்ற குடும்பங்களுக்கு வீடு ஒதுக்கி, அவர்கள் கட்ட வேண்டிய பங்குத் தொகையையும் தானே ஏற்பதாக அரசு அறிவித்தது. காட்டுக்கு நிலம் திரும்புவது யானைக்கு நல்லதுதான். ஆனால் யாருக்காகக் காடு தோட்டமானதோ, அவர்கள் கணக்கு இன்னும் முடியவில்லையே?

காகிதத் தொல்லை இன்னொன்றும் உண்டு. பெரும்பாலோர் தலித் குடும்பங்கள் என்றாலும் சாதிச் சான்றிதழ் வாங்குவது பெரும்பாடு. 'பூர்வீகம் எது? இந்த ஊரில் எத்தனை வருஷம்?' என்று கேட்டால் கொள்ளுத்தாத்தா கிளம்பிய கிராமத்தின் பெயரை யார் சொல்வது? சான்றிதழ் இல்லாமல் உதவித்தொகையும் கல்லூரி இடமும் இழந்தவர்கள் பலர்.

மிச்சமிருக்கும் கேள்வி

இலங்கையில் தங்கிவிட்டவர்களில் நாடற்றவர்களாக மிஞ்சியவர்களுக்கு 2003ல் ஒரு சட்டம் குடியுரிமை கொடுத்தது. 2023ல் மலையகத்துக்கு வந்து 200 ஆண்டு ஆனதை நினைத்து, மூதாதையர் நடந்த தலைமன்னார் - மாத்தளை வழியில் அங்கே மக்கள் நடைப்பயணம் போனார்கள். நிலமும் வீடும் என்பதே அங்கேயும் முதல் கோரிக்கை. கடலுக்கு இரு கரையிலும் ஒரே கேள்வி!

நீலகிரிக்கு வந்தவர்களுக்கு எதுவுமே கிடைக்கவில்லை என்று சொன்னால் அது பொய். இலங்கையில் பறிபோன ஓட்டு இங்கே கிடைத்தது. 1952ல் வாக்குச்சாவடிக்கு வெளியே நிறுத்தப்பட்டவரின் பேத்தி இன்று கூடலூரில் வரிசையில் நின்று ஓட்டுப் போடுகிறார். ஆசிரியராக, நர்ஸாக, வக்கீலாகப் பிள்ளைகள் வந்திருக்கிறார்கள். சரிவில் தகரக் கொட்டகையாகத் தொடங்கிய பல குடியிருப்புகளில் இன்று கான்கிரீட் வீடும், ரேஷன் கடையும் இருக்கின்றன. இவை எல்லாம் யாரோ வரைபடம் போட்டுக் கட்டித் தந்தவை அல்ல. ஒப்பாரிக் கோச்சியில் இருந்து இறங்கியவர்கள் தாங்களே எழுப்பிய ஊர்கள்.

கண்டியில் லயம் துரையுடையது, நீலகிரியில் லைன் கழகத்துடையது. நடுவில் மூன்று பிரதமர்கள், இரண்டு ஒப்பந்தங்கள், ஒரு கடல். ஐந்தாறு தலைமுறை உழைத்தவர்களுக்குத் தங்கள் பெயரில் ஒரு சென்ட் மண் என்பதுதான் இன்னும் வராத ஒப்பந்தம். அடுத்த முறை தேயிலைத் தோட்டத்தின் முன் போட்டோ எடுக்கும்போது, பின்னால் தெரியும் அந்த நீள வரிசை வீடுகளையும் கொஞ்சம் பாருங்கள். ஒவ்வொரு கதவுக்குப் பின்னாலும் ஒரு கோச்சிப் பயணம் இருக்கிறது.